பிறப்பியலும் கேட்பியலும்: பேச்சொலி ஆய்வில் ஒரு விடுபாடு

தமிழ் இலக்கண மரபு பேச்சொலிகளை ஆராய்ந்த முறையைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் பல. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலை எடுத்துக்காட்டி, இன்றைய மொழியியலாளர் கருவிகளின் துணைகொண்டு கூறுவனவற்றைப் பண்டைத் தமிழர் கருவியின்றியே கண்டுகொண்டனர் என முடிப்பது அக்கட்டுரைகளின் பொதுவான போக்காகும். அப்பாராட்டிற் பொய்யில்லை. உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிற்பாட்டால் வெவ்வேறு எழுத்துகளாகப் பிறக்கின்றது என்று அவ்வியல் விளக்குகின்றது. நாநுனி பரந்து பல்லடியை ஒற்றத் தகர நகரங்களும், அணர்ந்து அண்ணத்தை ஒற்ற றகர னகரங்களும், ஒற்றாது வருட ரகர ழகரங்களும் பிறக்கும் எனப் பிரித்துக் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கதே.

ஆயினும் பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகிவிடாது. ஒரு நூல் எதைக் கூறிற்று என்பதுடன், எதைக் கூறாது விட்டது என்பதையும், அந்த விடுபாடு பின்வந்தோரின் சிந்தனையை எவ்வாறு வழிப்படுத்திற்று என்பதையும் வினவுதல் திறனாய்வின் கடமை. இவ்வகையில் நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். எமது ஒலியியல் முழுவதும் பேசுவோனின் வாயைப் பற்றியது. கேட்போனின் செவிக்கு அங்கே தனி இயல் இல்லை. எழுத்தென்பது உயிரின் முயற்சியால் எழும் அணுத்திரளின் ஒலி என்று நன்னூலார் கூறுமிடத்தும் அவ்வொலி புறப்படும் இடமே கருதப்படுகின்றது. சென்று சேரும் இடம் கருதப்படவில்லை. எழுத்து எங்கே பிறக்கின்றது என்று கேட்ட மரபு, அது எங்கே எழுத்தாகின்றது என்று கேட்கவில்லை. இவ்விரு வினாக்களும் ஒன்றல்ல என்பதை நிறுவுவதும், இரண்டாவது வினாவைக் கேளாமையால் எமக்கு நேர்ந்த குறைகளைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலியின் வழி

முதலிற் செவியுள் நிகழ்வதைச் சுருங்கக் காண்போம். வாயினின்று வெளிப்பட்ட வளியதிர்வு செவிப்பறையை அசைக்கின்றது. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைச்சுருள் எனப்படும் உறுப்பினுள் திரவத்தில் ஓர் அலை எழுகின்றது. உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலிக்குச் சுருளின் அடிப்பகுதியும், தாழ்ந்த மீடிறன் கொண்ட ஒலிக்கு அதன் நுனிப்பகுதியும் மிகுதியாக அதிர்வதை ஹங்கேரியில் பிறந்த கேயோர்க் பொன் பெக்கெஸி ஆராய்ந்து காட்டி, 1961 இல் நோபல் பரிசு பெற்றார். அவ்விடங்களிலுள்ள மயிர்க்கலங்கள் அசைவை மின்துடிப்பாக மாற்றுகின்றன. ஏறத்தாழ 30,000 நார்களைக் கொண்ட செவிநரம்பு அத்துடிப்புகளை மூளைத்தண்டிற்குக் கொண்டு செல்கின்றது. இரு செவிகளின் செய்திகளும் அங்கே ஒப்பிடப்பட்டு, நடுமூளையையும் அதற்கு மேலுள்ள நிலையங்களையும் கடந்து, செவிக்கு மேலாக இருபுறமும் அமைந்த மூளைச்சோணைகளின் மேற்பகுதியை அடைகின்றன.

இவ்வழியில் எந்த இடத்தில் 'எழுத்து' இருக்கின்றது? நத்தைச்சுருளில் இருப்பவை மீடிறன்கள் மட்டுமே. நரம்பில் இருப்பவை துடிப்புகள் மட்டுமே. ககரமோ தகரமோ அங்கே இல்லை. பௌதிக ஒலி எழுத்தாக மாறுவது மூளை செய்யும் ஒரு தீர்ப்பினாலாகும். செவி என்பது எழுத்துகளை உள்வாங்கும் வாயில் அன்று. எழுத்துகளை ஆக்கும் தொழிலின் தொடக்கம்.

இத்தீர்ப்பு எளிதன்று என்பதை வெளிப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் ஹஸ்கின்ஸ் ஆய்வுகூடத்தினர். பார்வையிழந்தோருக்கு அச்செழுத்தை ஒலியாக மாற்றித் தரும் பொறியொன்றை அமைக்க 1940 களில் அவர்கள் முயன்றனர். எழுத்துக்கு ஓர் ஒலி என வகுத்துக்கொண்டால் போதும் என்பதே அவர்களின் தொடக்க எண்ணம். அது பலிக்கவில்லை. தனித்தனி ஒலிகளை விரைவாக அடுக்கினால் அவை இரைச்சலாகவே கேட்டன. ஆனால் மனிதப் பேச்சோ ஒரு செக்கனுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகளைத் தாங்கி வந்தும் தெளிவாக விளங்குகின்றது. காரணத்தை அல்வின் லிபர்மனும் அவர்தம் சகாக்களும் ஆராய்ந்தபோது வியப்பான உண்மையொன்று வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் 'டி' என்னும் அசையிலும் 'டு' என்னும் அசையிலும் முதலில் உள்ள மெய் எமக்கு ஒன்றாகவே கேட்கின்றது. கருவி வரைந்த படத்திலோ, மெய்யைக் காட்டும் மீடிறன் அசைவு முதலதில் ஏறியும் இரண்டாவதில் இறங்கியும் செல்கின்றது. பௌதிகத்தில் இரண்டாக உள்ளதை மூளை ஒன்றாகக் கேட்கின்றது.

இதன் மறுதலையும் உண்மை. லிபர்மன் குழுவினர் 1957 இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஒலியைச் சிறிது சிறிதாக மாற்றி இன்னோர் ஒலியாக்கினர். கேட்டோருக்கு மாற்றம் சிறிது சிறிதாகப் புலப்படவில்லை. ஓர் எல்லை வரை ஒரே எழுத்தாகவும், எல்லை கடந்தவுடன் வேறெழுத்தாகவும் கேட்டது. ஆங்கிலேயருக்குச் சொன்முதலில் 'ப' என்பதன் ஒலிப்புடைய வடிவையும் ஒலிப்பற்ற வடிவையும் பிரிக்கும் எல்லை, இதழ் திறந்த பின் குரல் தொடங்க ஆகும் ஏறத்தாழ 25 மில்லிசெக்கன் இடைவெளியில் அமைகின்றது. எமது இலக்கணம் ஒலியளவிற்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாகக் கொண்டது. குறில் நெடில் வேறுபாட்டிற்கு அவ்வளவு பொருந்தும். ஆனால் கண் ஒருமுறை இமைப்பதற்குள் செவி இத்தகைய பல தீர்ப்புகளை வழங்கிவிடுகின்றது.

புதியதொரு பிறப்பியல்

இச்சிக்கலுக்கு லிபர்மன் கண்ட விடை எமக்குச் சுவையானது. ஒலி மாறினும் அதனைப் பிறப்பிக்கும் நாவின் தொழில் மாறவில்லை. ஆகவே கேட்போன் உணர்வது ஒலியையன்று, பேசுவோனின் உறுப்பசைவையே என்றார் அவர். 1967 இலும், இக்னேசியஸ் மற்றிங்லியுடன் சேர்ந்து 1985 இலும் இக்கொள்கையை அவர் விரித்துரைத்தார். இது ஒருவகையில் புதிய பிறப்பியலே. கேட்டலையும் பிறத்தலுக்குள் அடக்கிவிடும் கொள்கை இது. "தொல்காப்பியர் அன்றே சொன்னதை அமெரிக்கர் இன்று சொல்கின்றனர்" என்று எழுத விரும்புவோருக்கு இதைவிட ஏற்ற வாய்ப்புக் கிடைப்பது அரிது.

மக்கேர்க், மக்டொனால்ட் ஆகிய இருவரும் 1976 இல் வெளியிட்ட ஆய்வும் இக்கொள்கைக்குத் துணைசெய்வது போலத் தோன்றும். ஒருவர் 'ga' என்னும் ஒலியை எழுப்பும் வாயசைவைப் படத்திற் காட்டி, அதனுடன் 'ba' என்னும் ஒலியை இணைத்தபோது, பார்த்தோர் பலருக்கு இரண்டுமன்றி 'da' என்னும் மூன்றாம் ஒலி கேட்டது. கண்ணாற் கண்ட இதழும் செவித்தீர்ப்பில் பங்குகொள்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆனால் கொள்கை முழுமையாக நிலைக்கவில்லை. பற்றிசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் 1975 இல் சின்சில்லா என்னும் கொறிவிலங்கைப் பயிற்றிச் சோதித்தபோது, ஆங்கிலேயரின் எல்லைக்கு அண்மையிலேயே அதுவும் ஒலிகளை இரண்டாகப் பிரித்தது. அவ்விலங்கிற்கு ஆங்கிலம் பேசும் நாவில்லை. பீற்றர் ஐமாசும் சகாக்களும் 1971 இல் காட்டியவாறு, பிறந்து ஒரு மாதமேயான குழந்தைகளும் இவ்வேறுபாட்டை உணர்கின்றன. அக்குழந்தைகள் இன்னும் மழலையும் பேசத் தொடங்கவில்லை. மருத்துவ வரலாறும் இதனையே கூறும். போல் புரோக்கா 1861 இல் விவரித்த நோயாளி பேச்சை ஏறக்குறைய முற்றாக இழந்திருந்தும் பிறர் கூறுவதைப் பெருமளவு விளங்கிக்கொண்டார். கார்ல் வேர்ணிக்கே 1874 இல் விவரித்தோர் சரளமாகப் பேசினும் பிறர் பேச்சை விளங்கிக்கொள்ள இயலாதோராயிருந்தனர். வாயும் செவியும் உறவுடையன. ஆயினும் ஒன்று மற்றதன் நிழலன்று. 2007 இல் ஹிக்கொக், போப்பெல் ஆகியோர் வகுத்த விளக்கத்திலும், ஒலியைப் பொருளுடன் இணைக்கும் வழியும் ஒலியை உறுப்பசைவுடன் இணைக்கும் வழியும் மூளையில் இருவேறு வழிகளாகவே அமைகின்றன. ஆகவே பிறப்பியலைக் கொண்டே கேட்டலையும் விளக்கிவிடலாம் என்பது பழைய வடிவிலும் புதிய வடிவிலும் பொருந்தாது.

வன்மையும் மென்மையும்

இவ்வளவும் கூறியபின், எமது மரபில் செவிக்கு இடமேயில்லை என்று முடித்தால் அதுவும் அநீதியாகும். மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்ததை நோக்குக. வன்மையும் மென்மையும் நாவின் இடங்களல்ல. அவை செவிப்புலனின் சொற்கள். உரையாசிரியர் இளம்பூரணர் இப்பெயர்களுக்கு இரு காரணங்களை இணைத்துக் கூறுவார். வல்லென்று ஒலிப்பது ஒரு காரணம். வல்லென்ற தலைவளியாற் பிறப்பது மற்றது. முதலாவது கேட்பியல், இரண்டாவது பிறப்பியல். இரண்டையும் பிரித்துணர்ந்து அருகருகே வைத்த அவ்வுரை, மூலநூல் தனி இயலாக்காத ஒன்றைப் பெயர்க்காரணத்தினூடாக வெளிக்கொணர்ந்தது. ஆனால் பின்வந்த கல்வி முறையில் மாணவர் மனனஞ் செய்தது பிறப்பிடங்களையே. கேட்பியற் காரணம் வளர்க்கப்படாத விதையாகவே நின்றுவிட்டது.

2014 இல் கலிபோர்னியாவில் எட்வேட் சாங்கின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்து நினைக்கத்தக்கது. வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சையின் பொருட்டு மூளைமேல் மின்வாய்கள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்கு ஆங்கில வாக்கியங்கள் ஒலிக்கப்பட்டன. செவிக்கு மேலுள்ள மூளை மடிப்பின் ஒவ்வொரு புள்ளியும் தனியோர் எழுத்துக்கு மறுமொழி தரவில்லை. ஒரு புள்ளி வெடிப்பொலிகள் பலவற்றுக்கும், இன்னொன்று மூக்கொலிகளுக்கும், வேறொன்று உரசொலிகளுக்கும் எனத் தொகுதி தொகுதியாகவே மறுமொழி தந்தன. நா எவ்விடத்தைத் தொட்டது என்பதைவிட, ஒலி எவ்வகையில் வெளிப்பட்டது என்பதே அங்கு மேலோங்கி நின்றது. பிறப்பிடத்தால் அன்றி ஒலிப்பியல்பால் இனம் வகுத்த எமது முன்னோரின் பாகுபாட்டுடன் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. அதனால் தொல்காப்பியர் மூளையை அறிந்திருந்தார் என்று ஆகாது. அவரிடமிருந்தது கூரிய செவி. அச்செவியே தன் பாகுபாட்டைச் சொல்லிற் பதித்தது. இதுவே பெருமைக்குப் போதுமானது. இதற்கு மேற் கூறுவது நூலுக்கு நாம் செய்யும் அநீதி.

மொழியால் ஆன செவி

கேட்பியலை வளர்க்காது விட்டதன் விளைவு யாது? எல்லோர் செவியும் ஒன்றே, கேளாதவன் கவனமற்றவன் என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியதே அவ்விளைவு. ஆய்வுகள் இதனை மறுக்கின்றன. ஜனற் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் ஆகியோர் 1984 இல் கனடாவில் ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு, இந்தி மொழியின் பல்லொலியாகிய தகரத்தையும் நாமடி ஒலியாகிய டகரத்தையும் ஒலித்துக் காட்டினர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்தின. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அவ்வாற்றல் பெரிதும் குன்றியிருந்தது. குழந்தை தன் மொழிக்கு வேண்டிய வேறுபாடுகளைக் கூர்மையாக்கி, வேண்டாதனவற்றைக் கைவிடுகின்றது. முதற்சொல்லைப் பேசுமுன்னரே அதன் செவி ஒரு மொழியின் செவியாகிவிடுகின்றது.

எமது எழுத்து வழக்கிலேயே இதற்குச் சான்றுண்டு. ஆங்கிலச் சொல்லொன்றை ஈழத்தில் 'ரீச்சர்' என்றும் தமிழகத்தில் 'டீச்சர்' என்றும் எழுதுகின்றோம். இங்கே 'லைற்', அங்கே 'லைட்'. ஆங்கிலத்தின் அவ்வொலி நாநுனி பல்லின் மேலுள்ள அண்ணத்தை ஒற்றப் பிறப்பது. யாழ்ப்பாணப் பேச்சில் 'ற்ற' என்பது இன்றும் அவ்வாறே ஒலிக்கின்றது. ஆகவே வந்த ஒலி இங்கே றகரத்தின் வீட்டிற் புகுந்தது. தமிழகப் பேச்சுவழக்குகள் பலவற்றில் அவ்வெடிப்பொலி வழங்காமையால் அது டகரத்தின் வீட்டிற் புகுந்தது. சொல் எவர் வாய்வழி வந்தது என்பதும் இதிற் பங்குகொண்டிருக்கலாம். எனினும் எது சரி, எது பிழை என்று இரு கரையினரும் நகையாடுவது பொருளற்றது. இருவர் செவியும் தத்தம் மொழிக்கு உண்மையாகவே நடந்துள்ளன.

சிங்களத்திற்கும் தமிழுக்கும் இடையிலும் இந்நிலையே. சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லும் மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்லும் மூக்கொலியின் நீளத்தாலேயே வேறுபடுகின்றன; தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஏறக்குறைய 'கந்த' என்றே கேட்கும். சிங்களத்தில் இரு லகரங்களும் இரு னகரங்களும் எழுத்தில் வேறாயினும் பேச்சில் ஒன்றாகிவிட்டமையால், சிங்கள மாணவனும் அவற்றை எழுத்துக்கூட்டலாகவே மனனஞ் செய்யவேண்டியுள்ளது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. அவ்வீட்டில் வளர்ந்த மாணவன் சொல்வதெழுதுதலில் 'வாழை'யை 'வாளை' என எழுதினால், அவனைச் 'செவிகொடுத்துக் கேள்' என்று கடிவது எத்துணைப் பொருத்தமற்றது! அவன் செவிகொடுத்தே கேட்டான். அவன் கேட்ட மொழியில் அவ்விரண்டும் ஒன்று. அவனுக்கு வேண்டியது கண்டனமன்று, பயிற்சி. பயிற்சியால் செவி திருந்தும் என்பதற்கும் சான்றுண்டு. ஆங்கிலத்தின் ரகர லகர வேறுபாட்டைக் கேட்க இடர்ப்படும் யப்பானியர், பலர் குரலிற் சொற்களைக் கேட்டுப் பழகியபின் அவ்வேறுபாட்டை முன்னரிலும் நன்கு உணர்ந்தனர் என்பதை லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991 இல் காட்டினர்.

இது வகுப்பறையோடு முடியும் விடயமன்று. லெயி லிஸ்கரும் ஆதர் ஏப்ரம்சனும் 1964 இல் பதினொரு மொழிகளின் சொன்முதல் வெடிப்பொலிகளை அளந்தபோது தமிழையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டனர். குரல் தொடங்கும் கணத்தை மொழிகள் வெவ்வேறு விதமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவ்வாய்வின் முடிவு. 'பம்பரம்' என்னும் சொல்லின் இரு பகரங்களும் ஒலியில் வேறாயினும் எமக்கு ஓரெழுத்தே. ஆய்வுகூடத்தில் இது ஒரு வரைபடம். 1983 ஆடி வன்செயலின்போது இதே வேறுபாடு வீதியில் உயிரைத் தீர்மானித்தது. வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் முதலெழுத்தை ஒருவர் எவ்வாறு உச்சரிக்கின்றார் என்பதைக் கேட்டுத் தமிழரை இனங்கண்டமை அந்நாட்களைப் பற்றிய நினைவுகளிற் பதிவாகியுள்ளது. ஓர் ஆற்றங்கரையில் ஒரு சொல்லின் முதலொலி கொண்டு மனிதரை இனங்கண்டு கொன்ற செய்தி விவிலியத்தின் நீதித்தலைவர்கள் ஆகமத்திலும் உண்டு. ஒலிவேறுபாடு குற்றமாகக் கொள்ளப்படும் இடத்தில், அதன் அளவு மில்லிசெக்கன்களாயினும் விலை பெரிது.

முடிவாக

செவி இயற்கையின் கொடை மட்டுமன்று; அது சமூகத்தின் ஆக்கமுமாகும். எந்த மனிதரிடையே வளர்ந்தோமோ அவர்களின் பேச்சே எமது மூளையில் எழுத்துகளின் எல்லைகளை வரைந்துள்ளது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை வகுக்கும்போது செவியறிவை ஐந்தாவதாகவும் மனவறிவை ஆறாவதாகவும் வைத்தது. பேச்சொலியைப் பொறுத்தமட்டில் அவ்விரண்டிற்கும் இடையே மதிலில்லை என்பதே இன்றைய அறிவு நமக்குக் கூறுவது. செவியிலிருந்து மேலேறும் ஒவ்வொரு துடிப்பும் கற்றறிந்த ஒரு மொழியின் தீர்ப்புக்கு உட்படுகின்றது.

ஆகவே பிறப்பியலை மீண்டும் மீண்டும் போற்றுவதோடு எமது தமிழ்த்துறைகள் நின்றுவிடலாகாது. அதன் மறுபாதியாகிய கேட்பியலைத் தமிழில் எழுதவேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வளரும் பிள்ளைகளின் செவிகள் எவ்வெழுத்துகளைப் பிரிக்கின்றன, எவற்றைச் சேர்க்கின்றன என்பதைக் கேட்டறிந்து பாடநூல்கள் ஆக்கப்படவேண்டும். இதற்குப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை; ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். தான் கேட்பதே ஒலி, பிறர் கேட்பது பிழை என்னும் செருக்கை ஆய்வாளன் முதலிற் கைவிடவேண்டும். எமது முன்னோர் தம் வாயை உற்றுநோக்கி ஓர் இயலை எழுதினர். பிறர் செவிக்கு மதிப்பளித்து அடுத்த இயலை எழுதுவது எமது தலைமுறையின் பொறுப்பாகும்.